நன்மையடைந்த குடும்பம் எண் பதினான்கு

பூட்டுக்காரரின் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய குடும்பம் நன்மை அடைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக அதில் எழுதியிருந்தது. சுவரில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டதைத் தெரிவிக்கும் தொனி.

"தங்கள் குடும்பம் சென்ற ஆண்டு பத்து சனிக்கிழமைகள் குடும்ப மேம்பாட்டுப் பயிற்சியில் கலந்துகொண்டு, அதன் விளைவாக நன்மை அடைந்திருப்பது எமது ஆய்வு நிலையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. மேற்படி நன்மைக்கான காரணம் எம்மிடம் இல்லை. ஆகவே, தாங்கள் இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் மகளுடன் நேரில் வந்து காரணத்தை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினார். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்தக் காகிதத்தையும் கண்டு பதறாதவள்.

"காரணத்தை ஒப்படைக்கணுமாமே. நம்மகிட்ட இருக்கா?"

"எதுக்கும் பரண்ல பாருங்க. உங்க பழைய சாமான் மூட்டையில இருந்தாலும் இருக்கும்."

நன்மை என்னவென்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் தீமை.

அவருக்கு ஒரே மகள், இப்போது பதினைந்து வயது. அவளிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்கு ஒரு சின்னப் பூட்டு. ஒருநாள் பள்ளியிலிருந்து வர ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அப்பா தெருமுனைவரை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உலகத்தில் மற்ற அப்பாக்களும் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் வளைந்த கம்பி இருக்காது. பதினோரு விநாடியில் பெட்டி திறந்துகொண்டது. உள்ளே சில பஸ் டிக்கெட்டுகள், காய்ந்த ஒரு பூ, தோழிக்கு எழுதி அனுப்பாத ஒரு கடிதம். கவலைப்பட எதுவும் இல்லை. அதுதான் வினை. ஏதாவது இருந்திருந்தால் திட்டியாவது சமாளித்திருக்கலாம்.

திரும்பப் பூட்டும்போது, சாவித் துவாரம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டிவிட்டார். முப்பது வருடத் தொழிலில் அவர் செய்த தவறு அது ஒன்றுதான். மகள் வந்தாள், பூட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது. பதின்மூன்று மாதம்.

ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். "அம்மா, அவர்கிட்ட உப்பைத் தள்ளச் சொல்லு," என்பாள் மகள். உப்பு பூட்டுக்காரரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். மனைவி சொன்ன பிறகுதான் தள்ளுவார். முந்திக்கொண்டு தள்ளினால் அன்றைக்கு உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பள்ளியில் மதிப்பெண் சரிந்தது. வகுப்பாசிரியை அப்பா, மகள் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். பத்து சனிக்கிழமை போனார்கள். பத்தாவது சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில் மகள் நிமிராமலே சொன்னாள்:

"அப்பா, உப்பு."

பூட்டுக்காரர் உப்பைத் தள்ளினார். பிறகு கை கழுவப் போகிறவர்போல எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு, கை கழுவாமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அதுதான் நன்மை.

*

ஆய்வு நிலையத்தில் ஐந்து மாடிகள். கீழ்த்தளத்தில் பலன்களை வைத்திருந்தார்கள். முதல் மாடியில் காரணங்களைத் தேடினார்கள். இரண்டாவது மாடியில் காரணங்களின் காரணங்களை. அதற்கு மேலே போக அப்பாவையும் மகளையும் அனுமதிக்கவில்லை. அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

இயக்குநர் அவர்களை அன்போடு வரவேற்றார். அன்பு என்பது அவர் முகத்தில் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போனது.

"உலகத்துல கெட்டது நடந்தா ஆராய ஆயிரம் பேர் இருக்காங்க," என்றார். "நல்லது நடந்தா கேட்க நாதியில்ல. அதுக்குத்தான் நாங்க இருக்கோம். ஒரு குடும்பம் சந்தோஷமா இருக்குன்னு தகவல் வந்துட்டா எங்களால சும்மா இருக்க முடியாது."

"சரிங்க," என்றார் பூட்டுக்காரர்.

"பதினஞ்சு குடும்பம் வகுப்புக்கு வந்துச்சு. பன்னிரண்டு குடும்பத்துல பிள்ளைங்க நல்லா ஆயிட்டாங்க. சந்தோஷம். ஆனா ஏன் ஆனாங்க? காரணம் தெரியாம நன்மை அடையறது ஒருவகையில ஒழுங்கீனம்தானே. அதனால காரணம் தெரியற வரைக்கும் புது வகுப்பை நிறுத்தி வெச்சிருக்கோம். நூத்து இருபது குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. தெரியாத காரணத்தால அவங்க பிள்ளைங்களும் நல்லா ஆயிட்டா யாருங்க பொறுப்பு?"

பூட்டுக்காரர் தலையசைத்தார். இயக்குநர் மகள் பக்கம் திரும்பினார்.

"என் பையனும் உன் வயசுதான்னு நினைக்கிறேன். இல்ல, பெரியவன். ஃபைல்ல இருக்கு."

இரண்டாவது அறையில் ஒரு நீள மேஜை. ஒரு முனையில் உரையாடல் பிரிவின் தலைவி, மறுமுனையில் கண்காணிப்புப் பிரிவின் தலைவர். பயிற்சியால் வந்த நன்மை பெற்றோரும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசியதால் வந்தது என்பது தலைவியின் கட்சி. பெற்றோர் பிள்ளைகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்ததால் வந்தது என்பது தலைவரின் கட்சி. எண் பதினான்கு தன் பிரிவுக்கே சேர வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நடுவில் ஒரு கள உதவியாளர், கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டபடி, கைகட்டி நின்றாள்.

"அவர்கிட்ட அந்த ஃபைலைத் தள்ளச் சொல்லும்மா," என்றார் உரையாடல் பிரிவின் தலைவி.

ஃபைல் கண்காணிப்புத் தலைவரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கள உதவியாளர் சொன்ன பிறகுதான் அவர் தள்ளினார்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். மகளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினாள்.

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஒன்றரை வருஷமா இப்படித்தான்," என்றாள் கள உதவியாளர்.

"எதனாலக்கா?"

"அதை யாரும் ஆராயலம்மா."

*

பிறகு கேள்வித்தாள். நூற்று நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட வேண்டும்.

"எந்த வகுப்புல மாற்றம் ஆரம்பிச்சுதுன்னு நினைக்கிறீங்க?" என்று கள உதவியாளர் கேட்டாள். "கோபத்தைக் கையாளுதலா, விதிகளை வகுத்தலா, பாராட்டும் முறையா?"

பூட்டுக்காரர் நேர்மையாக யோசித்தார். "வகுப்புக்கு முன்னாடிங்க," என்றார்.

"முன்னாடின்னா?"

அவர் சொன்னார். பயிற்சி நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் அடித்தள அறையில். அதன் கதவுக்கு ஒரு கிழட்டுப் பூட்டு. திறக்க வேண்டிய காவலாளியிடம் முப்பத்தொரு சாவி கொண்ட கொத்து. முதல் வாரம் சரியான சாவியைக் கண்டுபிடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. அடையாளத்துக்காக அதில் சிவப்பு நூல் கட்டிவைத்தார். அடுத்த வாரம் அந்தச் சாவி திறக்கவில்லை, வேறொன்று திறந்தது. அதற்கும், சந்தேகத்துக்கு அக்கம்பக்கத்துச் சாவிகளுக்கும் சிவப்பு நூல். ஆறாவது வாரம் கொத்தில் எல்லாச் சாவிகளிலும் சிவப்பு நூல் தொங்கியது. பயிற்சியாளர் தன் குறிப்புகளை முணுமுணுத்துக்கொண்டு ஒரு ஓரமாக நிற்பார். பதினைந்து குடும்பங்களும் அந்தக் குறுகிய நடையில், ஃபோனுக்கு சிக்னல் எட்டாத இடத்தில், உட்கார நாற்காலி இல்லாமல், ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது. ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மகனும் எத்தனையாவது சாவி திறக்கும் என்று பந்தயம் வைக்கத் தொடங்கினார்கள். அது எல்லோருக்கும் பரவியது. "பதினேழு." "போங்கப்பா, இருபத்திரண்டு."

"நீங்க பூட்டுக்காரர்தானே," என்றாள் கள உதவியாளர். "நீங்களே திறந்திருக்கலாமே?"

பூட்டுக்காரர் தன் சட்டைப் பையைப் பார்த்தார். முதல் சனிக்கிழமை, காவலாளி ஆறாவது சாவியில் இருந்தபோது, அவர் கை தன்னால் அந்தப் பைக்குள் போனது. உள்ளே கம்பி இருந்தது. அரை நிமிட வேலை. அப்போது மகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பைக்குள் கை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது. பத்து சனிக்கிழமையும் அப்படியே நின்றார். ஒவ்வொரு சாவியும் தப்பாகத் திரும்பும்போது பல்வலிக்காரர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வாரம், "அம்மாகிட்ட சொல்லுங்க, பதினெட்டுன்னு," என்றாள் மகள். அம்மா அங்கே இல்லை.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பூட்டியிருந்துச்சுங்க," என்றார்.

கள உதவியாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தாள். "வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடந்ததை எழுத கட்டம் இல்லீங்க. நான் 'கோபத்தைக் கையாளுதல், நாலு'ன்னு போட்டுக்கவா?"

"உங்க இஷ்டம்மா."

*

காரணம் தாளில் சிக்காததால், வீட்டில் இருக்கக்கூடும் என்று முடிவானது. கள உதவியாளர் மூன்று வாரம் மாலை நேரங்களில் சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மகள் அவளுக்கு 'ஸ்டாப்வாட்ச் அக்கா' என்று பெயர் வைத்தாள்.

"இப்ப சிரிச்சியே, எதுக்கும்மா?"

"சும்மாக்கா."

"சும்மாவுக்குக் குறியீடு இல்லம்மா. கேலியா, மகிழ்ச்சியா, பதற்றமா?"

"குக்கர் விசில் அடிச்சுதுல்ல, அப்பா திடுக்கிட்டார்."

"அப்ப கேலி. ஏழு பி."

ஒருநாள் மனைவி கணவரின் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் அழுத்தப்பட்டது. "அன்பான தொடுதல், நாலு செகண்டு." காய்ச்சல் நூற்றொன்று இருந்தது. அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்து நீக்கல் சோதனை வந்தது. குடும்பத்திலிருந்து ஒவ்வொரு நல்ல பழக்கமாக எடுத்துப் பார்ப்பது. எதை எடுத்தால் சரிகிறதோ அதுவே காரணம். முதல் வாரம் பாராட்டு நீக்கம். அந்த வாரம் பார்த்து மகள் கணக்கில் எண்பத்தாறு வாங்கி வந்தாள். பூட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். மூலையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எண்பத்தாறு," என்று வாசித்துக்காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமாப்பா, எண்பத்தாறு," என்றாள் மகள், அவர் நிலைமை புரிந்தவளாக.

இரண்டாவது வாரம் சேர்ந்து சாப்பிடுதல் நீக்கம். மூவரும் மூன்று அறைகளில் சாப்பிட்டார்கள். உப்பு சமையலறையில் தனியாக இருந்தது.

"வேலை செய்யற பூட்டைக் கழட்டிக் கழட்டிப் பாத்தா எதனால வேலை செய்யுதுன்னு தெரியாதும்மா," என்று பூட்டுக்காரர் கள உதவியாளரிடம் சொல்லிப் பார்த்தார். "கடைசியில கையில ஸ்பிரிங் மட்டும்தான் மிஞ்சும்."

"நான் என்னங்க பண்றது. மேல அட்டவணை போட்டுட்டாங்க."

மூன்றாவது வாரம் சண்டை. அப்பாவும் மகளும் பத்து நிமிடம் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபட வேண்டும். காமிரா பதிவு செய்யும். முதல் தலைப்பு வீட்டு வேலை.

"நீ பாத்திரம் கழுவறதில்ல," என்று தொடங்கினார் பூட்டுக்காரர்.

"ஆமா. நாளையிலிருந்து கழுவறேன்."

"சரி."

பதினோரு விநாடி ஆகியிருந்தது. கள உதவியாளர் கவலையோடு பார்த்தாள். "ஒத்துப்போனா எப்படிங்க? இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சா எப்படி முடிஞ்சுதுன்னு பாக்க முடியாதே."

அடுத்த தலைப்பு முத்திரையிட்ட உறையில், மேலிடத்திலிருந்து வந்திருந்தது. பள்ளியிலிருந்து பெற்ற ஃபைலைப் படித்து, காரணங்களின் காரணங்கள் பிரிவு தேர்ந்தெடுத்தது. கள உதவியாளர் உறையைப் பிரித்து, முதல் தடவை படிக்கிறவளாகவே உரக்கப் படித்தாள்:

"தந்தை மகளின் பெட்டியைத் திறந்த சம்பவம். முதலில் தந்தை தன் தரப்பை விளக்கவும்."

அறையில் காமிராவின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மகளின் முகத்தில் ஏதோ உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டது. பூட்டுக்காரருக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்டது, தொழில்.

"எனக்குத் தலை வலிக்குது," என்று எழுந்து போனாள்.

அன்று சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, உப்பு."

உப்பு அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கள உதவியாளர் குறித்துக்கொண்டாள்: உப்பு கேட்டல், ஒன்று. எழுதிவிட்டு நிமிர்ந்தவள் பூட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். ஸ்டாப்வாட்சைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நேரம் முடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். இந்த ஒழுங்கீனத்துக்கு அவளிடம் பிறகு விளக்கம் கேட்டார்கள்.

*

காமிராவால் முடியாததைத் தனிமை செய்யும் என்று நிலையம் கண்டது. மகளுக்கு ஒரு தகரப் பெட்டி கொடுத்தார்கள். மேலே உண்டியல்போல ஒரு வாய், பக்கத்தில் ஒரு பூட்டு. தினமும் மனதில் உள்ளதை எழுதி உள்ளே போட வேண்டும். அறுபது நாள் கழித்து நிலையத்தில்தான் திறப்பார்கள்.

"யாரும் படிக்க மாட்டோம்," என்று உறுதி தந்தார் இயக்குநர். "எண்ணுவோம், அவ்வளவுதான்."

அறுபது நாளும் பெட்டி மகளின் மேஜையில் இருந்தது. தகரப் பெட்டி, சின்னப் பூட்டு, பதினைந்து வயது மகள். யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்ததுபோல. பூட்டுக்காரர் அந்த அறையைக் கடக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இரண்டு முறை நிலைப்படியில் இடித்துக்கொண்டார். மகள் உள்ளேயிருந்து பார்த்தாள். உப்பு அம்மா வழியாகவே வந்துகொண்டிருந்தது.

அறுபத்தோராவது நாள் பெட்டியை எடுத்துப் போனார்கள். அறுபத்து மூன்றாவது நாள் ஃபோன் வந்தது. மகளோடு வரவும், கருவிப் பையோடு வரவும்.

இயக்குநரின் மேஜை நடுவில் பெட்டி இருந்தது. உரையாடல் தலைவியும் கண்காணிப்புத் தலைவரும் இரு பக்கமும் நின்றார்கள். பின்னால் சுவரோரம் கள உதவியாளர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் இயக்குநர். "சாவி கண்காணிப்புப் பிரிவுல பத்திரமா இருந்துச்சு. இப்பவும் பத்திரமாத்தான் இருக்கும். எங்கன்னுதான் தெரியல."

"என்கிட்ட கொடுத்ததா அவரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லும்மா," என்றார் உரையாடல் தலைவி, கள உதவியாளரிடம்.

"உடைக்கலாம்தான்," என்றார் இயக்குநர். "ஆனா உடைக்கறதுக்கு நெறிமுறைக் குழு அனுமதிக்கணும். குழு கூடறதுக்கு அதோட தலைவர் வேணும். தலைவர் யாருன்னு முடிவு பண்ணக் குழு கூடணும். ஆனா பெற்றோரே திறந்துட்டா அனுமதியே தேவையில்ல. அது குடும்ப விவகாரம். நீங்க பூட்டுக்காரர். எவ்வளவு நேரம் ஆகும்?"

பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மட்டமான பூட்டு. தொழிலுக்கே அவமானம்.

"பதினோரு செகண்டுங்க."

"பிரமாதம். திறங்க."

மகள் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கே மூச்சு நின்றது தெரிந்தது. பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கருவிகள் வரிசையாக இருந்தன. கம்பி முதலாவதாக இருந்தது. ஜிப்பை மூடினார்.

"என்னாச்சு, முடியாதா?"

"முடியும்ங்க."

"அப்புறம் என்ன?"

"பூட்டியிருக்குங்க."

இயக்குநர் சிரித்தார். பொறுமைசாலி. "பூட்டியிருக்கறதாலதானே உங்களைக் கூப்பிட்டோம். நாங்க கேக்கறது உங்களுக்காகத்தாங்க. உங்க சந்தோஷத்துக்கான காரணம் அதுக்குள்ள இருக்கு. நீங்க திறக்கலன்னா உங்க குடும்பத்தைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவோம். அப்புறம் நீங்க நன்மையே அடையாத மாதிரி ஆயிடும். பரவால்லயா?"

"பரவால்லீங்க."

"நூத்து இருபது குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு."

இது தைத்தது. பூட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

"எழுதினவங்களைக் கேளுங்க," என்றார் கடைசியில். "அவங்க பெட்டி."

எல்லோரும் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மாதமாக ஆராயப்பட்டுவந்த அந்தப் பெண் அறையில் இருப்பதை அப்போதுதான் கவனித்ததுபோல இருந்தது.

"பாப்பா, நீ சொல்லும்மா," என்றார் இயக்குநர். "அப்பாவைத் திறக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பார்."

"அவர் திறக்க மாட்டார் சார்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அதைத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் மகள். "உள்ள இருக்கு."

கள உதவியாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு பி.

*

வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை அப்பாவும் மகளும் நடந்தார்கள். நிழற்குடையில் நின்றார்கள்.

"அறுபது நாளும் எழுதினியா?" என்றார் பூட்டுக்காரர், சாலையைப் பார்த்தபடி.

"எங்கே. ஒரே ஒரு வரிதான். மீதி நாளெல்லாம் ஸ்டாப்வாட்ச் அக்காவைப் படமா வரைஞ்சு போட்டேன். அந்த ரெண்டு பேர் மேஜையில உக்காந்திருக்கறதும் ஒண்ணு இருக்கு. நடுவுல உப்பு வெச்சிருக்கேன்."

என்ன வரி என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். மகள் அதைக் கவனித்தாள்.

"கேக்க மாட்டீங்களா?"

"பூட்டியிருக்கே."

அவள் சிரித்தாள். இந்தத் தடவை எதற்கு என்று குறித்துக்கொள்ள யாரும் இல்லை.

"முதல் சனிக்கிழமை உங்க பையில கம்பி இருந்துச்சு," என்றாள். "எனக்குத் தெரியும்." பிறகு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பெட்டியில இருந்த கடிதம் இருக்குல்லப்பா, என் ஃப்ரெண்டுக்கு எழுதினது. ஏன் அனுப்பலன்னு சொல்லவா?" என்றாள்.

மூன்று பஸ்கள் வந்து போயின. இரண்டு அவர்கள் ஏற வேண்டியவை.

*

நான்கு மாதம் கழித்து அறிக்கை வெளியானது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நன்மைக்கான காரணம் கண்டறியப்படவில்லை. மேலும் ஆய்வு தேவை. எண் பதினான்கு 'ஒத்துழைக்காததால் நீக்கப்பட்டது'. ஆனால் ஆய்வு வீண்போகவில்லை. பயிற்சியில் ஒரே ஒரு குறையை நிலையம் கண்டுபிடித்திருந்தது: கதவைத் திறப்பதில் வாரந்தோறும் நாற்பது நிமிடம் விரயம். இதைச் சரிசெய்தால் நன்மை மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று வரைபடத்தோடு காட்டியிருந்தார்கள். ஆகவே, கதவுக்கு உடனே புதிய பூட்டு பொருத்தி வகுப்புகளை மீண்டும் தொடங்கலாம்.

அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே பூட்டுக்கடை. வேலை ஆணை அங்கே வந்தது: 'தாமதமின்றித் திறக்கக்கூடிய, உறுதியான பூட்டு ஒன்று.'

மகள் பள்ளி விட்டு வந்து, கடை மேஜையில் உட்கார்ந்து ஆணையை வாசித்தாள். அவள் முகம் வாடியது.

"சரியா நேரத்துக்குத் திறந்துடுவாங்களாப்பா இனிமே?"

பூட்டுக்காரர் அலமாரியிலிருந்து பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தார். புத்தம் புதியது, கண்ணாடிபோல மின்னியது. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தகடுகளில் மூன்றாவதை வெளியே எடுத்து, அரத்தால் இரண்டே இழுப்பு இழுத்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் அரை இழுப்பு.

"இப்ப எப்படித் திறக்கும்?"

"சாவியை முழுசா உள்ள விடணும். நூலளவு பின்னாடி இழுக்கணும். மூச்சை அடக்கிக்கிட்டு இடது பக்கம் லேசா அழுத்தித் திருப்பணும். தெரிஞ்சவங்களுக்கு அரை நிமிஷம்."

"தெரியாதவங்களுக்கு?"

அவர் மூடியை முடுக்கினார். "அது அவங்கவங்க அதிர்ஷ்டம்."

திறப்பு நாளன்று மகளோடு போய்ப் பூட்டைப் பொருத்திச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். காவலாளி மகிழ்ச்சியோடு அதைப் பழைய கொத்திலேயே கோத்து, அடையாளத்துக்காகச் சிவப்பு நூல் கட்டினார். முப்பத்திரண்டாவது சிவப்பு நூல். பதினைந்து புதிய குடும்பங்கள் நடையில் வந்து நின்றன. சுவரைப் பார்த்தன. ஃபோனைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சிக்னல் இல்லாமல் பைக்குள் போட்டன. இயக்குநரும் வந்திருந்தார், தொடக்க உரையோடு. கூடவே அவர் சாயலில் ஒரு வாட்டசாட்டமான பையன், அவரிடமிருந்து நாலடி தள்ளி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது சாவி திரும்பவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். கருவிப் பையோடு படியேறிக்கொண்டிருந்த பூட்டுக்காரரைக் கண்டுகொண்டார்.

"நீங்கதானே பூட்டுக்காரர். சட்டுனு வந்து திறந்துவிடுங்க. என் உரை நாற்பது நிமிஷம் இருக்கு."

"புதுப் பூட்டுங்க," என்றார் பூட்டுக்காரர் மரியாதையாக. "முதல்ல கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். நீங்க பேசிக்கிட்டு இருங்க."

"யார்கிட்ட?"

பூட்டுக்காரர் அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டார். மகள் மட்டும் ஒரு படி பின்தங்கி, கைப்பிடிக் கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது சாவி. பத்தாவது. பையன் காதிலிருந்து அதை உருவிக்கொண்டு, காவலாளியின் கையை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

"பத்தொன்பது," என்றான், யாரிடம் என்றில்லாமல்.

இயக்குநர் தன் உரையை நாலாக மடித்தார்.